தோலை விற்ற காவலர்கள்

‘கேகெசிலி: மலைக் காவல்’ என்ற சீனப் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். படம் எவ்வளவு உண்மை? திபெத்திய இரலைகளைக் காக்கப் போன ரோந்துக்குழு, தான் பறிமுதல் செய்த தோல்களையே விற்பதாகக் காட்டுகிறார்களே, அப்படி நடந்திருக்குமா? தன்னார்வலர்களால் வேட்டைக் கும்பலைத் தடுத்து நிறுத்த முடியுமா? மூன்றையும் சேர்த்துப் படித்தால், தோலை விற்ற பிறகும் அந்த மனிதர்களை மதிக்கலாமா என்று கேட்கிறீர்கள் என எனக்குத் தோன்றுகிறது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவு வரை பேசப் போகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் சினிமாக்காரன் இல்லை, ரோந்து போனவனும் இல்லை, கேகெசிலியில் கால் வைத்ததும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆய்வகத்தில் உட்கார்ந்து, பறிமுதலான சால்வைகளின் இழையை நுண்ணோக்கியில் பார்த்து, ‘இது இந்த விலங்கினுடையது’ என்று எழுதிக் கொடுத்தவன். படத்தில் வருகிற அதே விலங்கின் ரோமம்தான் என் மேசைக்கும் வந்தது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சால்வையாக. அதனால் என் பார்வை அந்த முனையிலிருந்து வருவது.

படத்தில் சந்தேகமே இல்லாத பகுதி எது என்று முதலில் பார்த்துவிடுவோம். கேகெசிலி என்பது சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் உள்ள மேட்டு நிலம். ஹோ ஷில் என்றும் எழுதுவார்கள். இப்போது காப்பகமாக இருக்கும் பகுதி மட்டும் சுமார் 45,000 சதுர கிலோமீட்டர், சுவிட்சர்லாந்தைவிடப் பெரியது. பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேல். 1980களில் அங்கே தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். தங்கம் குறைந்தபோது அதே லாரிகளும் அதே ஆட்களும் துப்பாக்கியோடு இரலைப் பக்கம் திரும்பினார்கள்.

இதற்கு எதிராக முதலில் நின்றவர் சோனம் தார்கே. சீன உச்சரிப்பில் சுவோனான் தாஜியே என்பார்கள். ஜிதுவோ என்ற மாவட்டத்தின் துணைக் கட்சிச் செயலாளர், அதாவது அரசுப் பொறுப்பில் இருந்தவர். 1992ல் அவர் தலைமையில் ‘மேற்குப் பணிக்குழு’ என்று ஒன்று உருவானது. 1994 ஜனவரி 18 அன்று, பிடித்த வேட்டைக்காரர்களை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில், சூரிய ஏரிக்கு அருகே நடந்த துப்பாக்கிச் சண்டையில் கொல்லப்பட்டார். 1995ல் அவருடைய தங்கையின் கணவர் ஜாபா துவோஜியே அந்த வேலையைக் கையில் எடுத்து அமைத்த குழுவுக்குத்தான் ‘காட்டு யாக் படை’ என்று பெயர். படத்தின் ரோந்துக்குழு இதைப் பார்த்து எழுதப்பட்டதுதான்.

இங்கிருந்து திரைக்கதை தன் வழியில் போகிறது. படத்தின் தலைவர் ரிதாய் வெட்டவெளியில் வேட்டைக்காரர்கள் கையால் சாகிறார். அது சோனம் தார்கேயின் சாவுக்கு நெருக்கமானது. ஆனால் கதை நடப்பது அதற்குப் பிந்திய ஆண்டுகளில், அப்போது படையின் தலைவர் ஜாபா துவோஜியே. அவர் 1998 நவம்பரில் தன் வீட்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தச் சாவைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேசினார்கள். ஆக, இரண்டு மனிதர்களைச் சேர்த்துப் பிசைந்து ஒரு ரிதாயைச் செய்திருக்கிறார்கள். பெய்ஜிங்கிலிருந்து வரும் பத்திரிகையாளர், நம்மைப் போன்ற வெளியாள் உள்ளே நுழைவதற்காக வைத்த வாசல். அவர் எழுதிய செய்தியால்தான் எல்லாம் மாறியது என்ற தோரணையில் படம் முடிகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தேசியக் காப்பகம் என்ற அறிவிப்பு 1997 இறுதியில் வந்தது. அதற்குப் பின்னால் பல வருட உழைப்பும், ஒரு உயிரும், பலருடைய மனுக்களும் இருந்தன.

சின்ன விவரங்களில் படம் என்னை அசத்தியது என்றே சொல்வேன். வேட்டைக்காரர்களைத் துரத்தி ஓடிய ஒருவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, நினைவிருக்கிறதா? பார்க்கிறவருக்கு மிகை போலத் தெரியலாம். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். அங்கே நடப்பதே வேலை, ஓடுவது சூதாட்டம். உடனே கீழே இறக்காவிட்டால் ஆள் பிழைப்பது கடினம். கீழே இறக்க வண்டி வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோலுக்குக் காசு வேண்டும். தோல் விற்கிற இடத்துக்குப் படம் இந்த வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஆஸ்பத்திரிக்கும் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் காசில்லை, மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, கையில் இருப்பது தோல் மட்டும்.

சரி, விற்றார்களா? அந்தக் குற்றச்சாட்டைப் படம் எடுத்தவர்கள் கற்பனையில் உண்டாக்கவில்லை. காட்டு யாக் படை இயங்கிய காலத்திலேயே அதன் மேல் எழுந்தது அது. படை கையில் காசில்லாமல் ஓடியது என்பதும் உறுதி. படத்தில் வரும் அந்தக் குறிப்பிட்ட காட்சி, தலைவரே சொல்லி விற்கச் சொல்வது, அது திரைக்கதை. அதை வரலாறாக மேற்கோள் காட்டாதீர்கள். ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் இப்படிப்பட்ட ஆட்களுக்கு இது நடக்கக்கூடியதா என்று என்னைக் கேட்டால், நடக்கும் என்பேன். படத்திலேயே மிக உண்மையான காட்சி அதுதான்.

என் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. தோலைப் பறிமுதல் செய்வது எதற்கு? ஒன்று, அது சந்தைக்குப் போகக் கூடாது. இரண்டு, அது சாட்சி. விற்ற நிமிடத்தில் இரண்டும் போயிற்று. வேட்டைக்காரன் சுட்டதை அவன் விற்றாலும் காவல்காரர் விற்றாலும், வாங்குகிற தரகருக்கு ஒரே தோல்தான். அவர் தொழில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. சாட்சி போனால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு வழக்கில் பிடித்த சால்வை பழுப்பு நிறம் என்று மகஜரில் எழுதியிருந்தது. சீல் பிரித்து நான் பார்த்தது சாம்பல் நிறம். மாற்றினார்களா, எழுதியவர் மங்கிய விளக்கில் பார்த்து எழுதினாரா, இன்று வரை யாரும் சொல்லவில்லை. இழை என்னவோ சந்தேகமில்லாமல் அந்த இரலையினுடையதுதான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இழையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நிறத்தைப் பற்றி மட்டும் கேட்டார். வழக்கு அங்கேயே முடிந்தது. ஒரு சொல் பிசகியதற்கே இந்தக் கதி என்றால், தோலையே விற்றுவிட்டு வந்து நிற்பவரின் வழக்கு என்ன ஆகும்?

ஆனால் கோபத்தை யார் மேல் வைப்பது என்பதில் நான் படத்தின் பக்கம். சம்பளம் கொடுக்காமல், வண்டி கொடுக்காமல், 45,000 சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கச் சொல்லி ஒரு கைப்பிடி ஆட்களை அனுப்பினால், இரண்டே வழிதான். வீட்டுக்குத் திரும்புவது, அல்லது கையிலிருப்பதை விற்று இன்னொரு வாரம் ரோந்து போவது. படத்தில் பிடிபட்ட தோல் உரிக்கும் கிழவரையும் அவருடைய ஆட்களையும் நடுவழியில் இறக்கி, நடந்து போகச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். அதுவும் இந்த வறுமையின் இன்னொரு முகம்தான். கைதிக்குச் சோறு போடக்கூட வழியில்லாத காவல் அது. பொதுவாகத் தன்னார்வலர் என்றதும் சம்பளமில்லாமல் உழைப்பதைப் பெருமையாகப் பேசுவார்கள். துப்பாக்கியும் பறிமுதல் பொருளும் புழங்குகிற வேலையில் சம்பளமின்மை பெருமை இல்லை, ஓட்டை.

அந்தக் கிழவரை இன்னொரு காரணத்துக்காகவும் கவனியுங்கள். முன்பு ஆடு மாடு மேய்த்தவர். பிழைப்புப் போனதால் தோல் உரிக்க வந்தவர். ஒரு தோல் உரித்தால் சில யுவான் கூலி. வேட்டைத் தொழிலின் அடி மட்டம் எங்கேயும் இப்படித்தான் இருக்கும். மேல் மட்டத்தைப் படம் கிட்டத்தட்டக் காட்டவே இல்லை. அங்கேதான் எனக்குப் படத்தோடு கொஞ்சம் சண்டை. அதை நான் நிரப்பப் பார்க்கிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

படத்தில் வரும் திபெத்திய இரலையைச் சிரு என்பார்கள். பெயரில்தான் இரலை, உறவில் ஆட்டுக்குத்தான் நெருக்கம். அந்தக் குளிரைத் தாங்க இதன் உடம்பில் நீண்ட மேல் ரோமத்துக்கு அடியில் மிக மெல்லிய அடி ரோமம் ஒன்று உண்டு. அதன் தடிமன் 9 முதல் 12 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). பஷ்மினா ஆட்டின் இழை பெரும்பாலும் 12 முதல் 16 மைக்ரான், மனிதத் தலைமுடி 50க்கு மேல். அந்த அடி ரோமத்தில் நெய்வதுதான் ஷாதூஷ். மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம் என்று சொல்லி விற்கப்பட்ட சால்வை. ஒரு விலங்கில் கிடைப்பது 150 கிராமுக்கு மேல் போகாது. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து விலங்குகள் வேண்டும். சிருவை யாரும் வளர்ப்பதில்லை, கத்தரிக்கவும் முடியாது. கொன்றுதான் எடுக்க வேண்டும்.

வாங்கியவர்களுக்கு இது தெரியுமா? பல காலம் ஒரு அழகான கதை சொல்லி வந்தார்கள். காட்டு ஆடுகள் புதரில் உரசும்போது ஒட்டிக்கொள்ளும் ரோமத்தைக் குழந்தைகள் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று. 1980களின் நடுவிலிருந்து அந்த மேட்டு நிலத்தில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஷாலர் என்ற விலங்கியலாளர்தான், அங்கே கொல்லப்படும் சிருக்களையும் காஷ்மீரில் நெய்யப்படும் சால்வைகளையும் முடிச்சுப் போட்டுக் காட்டினார். சிரு வாழும் மேட்டு நிலத்தில் பெரும்பகுதி மரமோ புதரோ இல்லாத இடம் என்பதை யோசித்திருந்தால் போதும், அந்தக் கதை ஒரு நாள்கூட நின்றிருக்காது. உலக வணிகத்தில் 1979 முதலே முழுத் தடை இருந்தது. இருந்தும் ரோமம் திபெத்திலிருந்து எல்லை தாண்டி வந்தது. சில இடங்களில் புலி எலும்பைக் கொடுத்து ரோமத்தை வாங்கினார்கள். ஒரு அழிவுக்கு இன்னொரு அழிவு விலை. காஷ்மீரில் அப்போது தனி வனவிலங்குச் சட்டம். அங்கேயும் முழுத் தடை வந்தது 2002ல்தான். கேகெசிலியில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த வருடங்களில் நெசவு நடந்துகொண்டுதான் இருந்தது.

1997ல் லண்டன் மேஃபேர் பகுதியில் ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து 138 ஷாதூஷ் சால்வைகளைப் போலீஸ் கைப்பற்றியது. சால்வைக்கு மூன்று விலங்கு என்று வைத்தாலும் நானூற்றுக்கு மேல். 2000ல் நீதிமன்றம் விதித்த அபராதம் 1,500 பவுண்டு. அப்போதைய விலையில் அதைக் கட்ட ஒரு சால்வையை விற்றாலே போதும், மீதியும் இருக்கும். ரிதாயின் ஆட்கள் மணலிலும் பனியிலும் செத்துக் காத்தது எதை, எதிர்முனையில் அதற்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்பதை இந்த ஒரு கணக்கில் பார்க்கலாம்.

இழையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று யாராவது கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இது எனக்குப் பிடித்த பகுதி. மெல்லிய அடி ரோமத்தை மட்டும் அளந்து முடிவு சொல்ல முடியாது. நல்ல பஷ்மினாவின் மெல்லிய இழையும் ஷாதூஷின் தடித்த இழையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்ளும். ஆனால் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் சால்வைக்குள் மேல் ரோமம் சில தப்பி வந்துவிடும். நெய்தவர் அதைக் குறையாகப் பார்ப்பார். எங்களுக்கு அதுதான் கையெழுத்து. சிருவின் மேல் ரோமத்தைக் குறுக்கே பார்த்தால், ஏறக்குறைய முழுவதும் காற்றறைகள் நிறைந்த வலை மாதிரி இருக்கும். ஆட்டினுடையது அப்படி இருக்காது. குளிரிலிருந்து அந்த விலங்கைக் காப்பாற்றிய அதே காற்றறைதான் செத்த பிறகு அதற்காகச் சாட்சி சொல்கிறது. சாயம் போட்டாலும் பூவேலை செய்தாலும் அந்த அமைப்பு மாறுவதில்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. தன்னார்வலர்களால் தடுக்க முடியுமா? ரோந்து மட்டும் என்றால் முடியாது. வேட்டைக்காரர்கள் பெண் சிருக்கள் கன்று ஈனுவதற்கு ஜூன், ஜூலையில் ஓரிடத்தில் கூடும் நேரம் பார்த்து வருவார்கள். கேகெசிலியில் ஜுவோனாய் ஏரிக்கரை அப்படி ஒரு இடம். ஒரு கன்றுக்கு மேல் ஈனாத விலங்கு, தாய் விழுந்தால் கன்றும் போயிற்று. ஒரு இரவு, நாலு வண்டி, முகப்பு விளக்கு வெளிச்சம், அவ்வளவுதான் தேவை. ரோந்துக்குழு வேறு பக்கம் இருக்கும் ஒரு இரவு போதும் அவர்களுக்கு.

ஆனால் அந்தப் படை செய்த இன்னொரு வேலை இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்ததை எல்லோரும் பேசும்படி செய்துவிட்டார்கள். 1998ல் பெய்ஜிங் வந்த பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரிடம், ‘இயற்கையின் நண்பர்கள்’ என்ற சீன அமைப்பின் லியாங் சோங்ஜியே, உங்கள் நாட்டில் ஷாதூஷ் வணிகத்தை நிறுத்துங்கள் என்று கடிதம் கொடுத்தார். 1999ல் சீன அரசு பெரிய தேடுதல் வேட்டை நடத்தியது. அதே வருடம் பல நாடுகள் சிங்ஹாயின் தலைநகர் ஷினிங்கில் கூடி ஒன்றாக அறிக்கை விட்டன. படை 2001 வாக்கில் கலைந்தது. சம்பளம் வாங்கும் காப்பக ஊழியர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். சால்வையைக் கழுத்தில் போடுவது வெட்கக்கேடு என்று பணக்கார வட்டாரத்தில் ஆனதும் விலையை நிலைகுலையச் செய்தது. எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. எனக்குப் பட்டதைச் சொன்னால், முதலில் ஆள் நின்றதும், பிறகு சந்தை சுருங்கியதும், இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன.

எண்ணிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. நூறு வருடத்துக்கு முன் பத்து லட்சம் சிரு இருந்தது என்று எங்கும் எழுதுகிறார்கள். அது யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, பழைய பயணிகள் எழுதிவைத்ததிலிருந்து ஊகித்தது. ராலிங் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1903 வாக்கில் அங்கே போனபோது, ஒரே பார்வையில் 15,000 முதல் 20,000 வரை தாயும் கன்றுமாகக் கண்டதாக எழுதியிருக்கிறார். 1990களின் நடுவில் மொத்தமே 75,000க்குள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. 2016ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த விலங்கை ‘அழியும் நிலை’யிலிருந்து ‘அச்சுறுத்தலை நெருங்கிய நிலை’க்கு இறக்கி வைத்தது. அப்போது அதன் கணக்கு ஒன்று முதல் ஒன்றரை லட்சம். இப்போது 3,00,000 என்று சீன அதிகாரிகள் சொல்வது அவர்கள் கணக்கு. ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையில் போட்ட கணக்கு. அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இவ்வளவு கூடியது என்று சொல்லாதீர்கள். கூடியிருக்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை. 2017ல் ஹோ ஷில் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

நீங்கள் கேள்வியின் கடைசியில், இப்படி ஒரு குழுவில் சேர ஆசையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். படத்தை நினைத்துக்கொண்டு சேராதீர்கள். துப்பாக்கி தூக்குவது சம்பளமும் சட்ட அதிகாரமும் காப்பீடும் உள்ளவர்களின் வேலை. ஆனால் கேகெசிலியிலேயே தன்னார்வலர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. சோனம் தார்கே பெயரில் 1997ல் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பாதுகாப்பு நிலையம் கட்டினார்கள், அரசு கட்டியதில்லை, யாங் ஷின் என்ற இயற்கை ஆர்வலர் முன்னின்று கட்டியது. கன்று ஈனப் போகும் கூட்டம் சிங்ஹாய்–திபெத் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். லாரி இரைச்சலில் சிருக்கள் ஓரத்திலேயே மணிக்கணக்கில் மிரண்டு நிற்கும். பின்னாளில் அங்கே வந்து தங்கிய தன்னார்வலர்கள் சாலையின் இரண்டு பக்கமும் நின்று, கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி, ஹாரன் அடிக்காதீர்கள் என்று ஓட்டுநர்களிடம் கேட்டுக்கொண்டு, கடைசிக் கன்று தார்ச் சாலையைத் தாண்டும் வரை காத்திருப்பார்கள்.